ஏறும்போது வலியா, இறங்கும்போது வலியா?

(நீடித்த நரம்பு வலிக்கான ஊசிகளும் அறுவை சிகிச்சைகளும் யாருக்குப் பலன் தரும் என்பது குறித்து, செஞ்சியில் பொதுமக்களிடம் வலி மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் நிற்கும் இடத்திலிருந்து செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இந்தக் கோட்டை ஒன்றுதான். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். அதன் படிகள் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரு பரிசோதனைக் கருவியாகவே இருந்து வருகின்றன. கால் வலி என்று செஞ்சிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், ஸ்கேன் கவரைப் பிரிப்பதற்கு முன்னால் இப்படிக் கேட்பேன்: "ராஜகிரி படி ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போது வலிக்குதா?"

பதிலில் நோய் தெரியும். முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை குறுகிப்போனவருக்கு ஏறுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஏறும்போது உடம்பு முன்னால் குனிகிறது, பாதை சற்று விரிகிறது. இறங்கும்போது முதுகு பின்னால் சாய்கிறது, பாதை நெருங்குகிறது, இரண்டு கால்களும் கடுத்து மரத்துப்போகின்றன. உட்கார்ந்தால்தான் அடங்கும். "வெறுங்கையோட இருநூறு அடி நடக்க முடியலைங்க, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா சந்தை வரைக்கும் போயிடுறேன்" என்று சொல்பவர் இவர்தான். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தபடி போவதால் அவருக்கு வலி இல்லை. காலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டவருக்கு இது தலைகீழ். ஏற ஏற ஆடுசதை இறுகும்; நின்றாலே போதும், அடங்கிவிடும். மூட்டு தேய்ந்தவருக்கும் இறங்கும்போதுதான் வலி. ஆனால் எங்கே என்று கேட்டால் அவர் கை நேராக முட்டிக்குப் போகும்.

மூவருமே "கால் வலி" என்றுதான் சொல்கிறார்கள். மூவருக்கும் வேண்டிய வைத்தியம் வேறு வேறு. முதலாமவருக்குப் பலன் தரும் அறுவை சிகிச்சையை இரண்டாமவருக்குச் செய்தால் பணமும் போகும், வலியும் போகாது. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். நரம்பு வலிக்கு இப்போது ஊசி இருக்கிறது, நரம்பைச் சுடும் கருவி இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது, முதுகுக்குள் வைக்கும் மின்கருவியும் இருக்கிறது. இவற்றால் யார் குணமடைவார், யார் அடையமாட்டார் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்ல வேண்டிய செய்தியில் பெரும்பகுதி உங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

நரம்பு வலி என்றால் என்ன? முள் குத்தினால் வலிப்பது சாதாரண வலி. அதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. நரம்பே கெட்டுப்போனால் முள் இல்லாமலே வலிக்கும். கிணற்று மோட்டார் ஓடாதபோது சில நேரம் மோட்டாரில் பழுது ஒன்றும் இருக்காது. ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயர் எலி கடித்துத் தோல் உரிந்து கிடக்கும். மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் பயன் உண்டா? மக்கள்தொகையில் நூற்றுக்கு 7 முதல் 10 பேருக்கு இந்த வகை வலியின் அறிகுறிகள் இருப்பதாகப் பல நாட்டுக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. சர்க்கரை நோய், அக்கி, டிஸ்க் நழுவல், விபத்து, தொழுநோய் என்று காரணங்கள் பல.

இந்த வலியைச் சொல்ல நம் மொழியில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். எரியுது, காந்துது, சுரீர்னு இழுக்குது, ஷாக் அடிக்குது, குடையுது, மதமதன்னு இருக்கு, மரத்துப்போச்சு, எறும்பு ஊருது, ஊசி குத்துது. இவற்றை வெறும் புலம்பல் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு தடயம். பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட டிஎன்4 என்ற வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள். எரிச்சல், சில்லிட்ட வலி, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, சுருசுருப்பு, ஊசி குத்தல், மரப்பு, அரிப்பு என்று ஏழு அறிகுறிகள். மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று. பத்தில் நான்கு "ஆம்" என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் பாட்டிமார் வாயில் புழங்கும் சொற்கள்தாம் அவை. "கை கால் குடைச்சல்" என்று சீட்டில் எழுதி வலி மாத்திரை கொடுத்து அனுப்பும்போது அந்தத் தடயங்கள் எல்லாம் அழிந்துவிடுகின்றன.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் அத்தை தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர். ஒரு கட்டத்தில் வலது கன்னத்தில் மட்டும் மஞ்சள் இருந்தது, இடது கன்னம் வெளிறிக் கிடந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் கையே போகாது. வாய் கொப்பளித்தால் வரும். திண்ணையில் உட்கார்ந்தால் காற்றுப் பட்டு வரும். சில நொடிதான், போய்விடும், மறுபடி வரும். பல் வலி என்று நினைத்து ஒருவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். போகவில்லை. இன்னொருவர் மேலும் இரண்டைப் பிடுங்கினார். நல்ல பற்கள் நான்கு போன பிறகுதான் அது முகநரம்பு வலி என்று தெரிந்தது. மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருப்பது இதற்கு முக்கியமான காரணம். கார்பமாசிபின் மாத்திரை கொடுத்ததும் சில நாட்களில் அடங்கியது. அத்தை இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசி நான் பார்த்தபோது எனக்கு வயது பதினேழு. மருத்துவம் படிக்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி இடையில் டெஃப்லான் துணுக்கு வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பீட்டர் ஜனெட்டாவும் அவருடைய குழுவினரும் இதைச் செய்துகொண்ட 1,185 பேரைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 70 பேர் மாத்திரையே இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். அருமையான பலன். வலி யாருக்குத் திரும்பியது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேல் வலியோடு இருந்துவிட்டு வந்தவர்கள், தமனிக்குப் பதிலாகச் சிரை அழுத்தியவர்கள், அறுவை முடிந்ததும் வலி நிற்காதவர்கள், பெண்கள் ஆகியோருக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வலியின் குணமும் முக்கியம். மின்னல் போல வெட்டி வெட்டி வருவதா, நாள் முழுக்க ஒரே எரிச்சலா? வெட்டி வரும் வலிக்கு இந்த அறுவை நன்றாகப் பலிக்கும். ஓயாத எரிச்சலுக்கு அத்தனை பலிப்பதில்லை. எந்த வகை என்று சொல்ல வேண்டியவர் நோயாளிதான். ஸ்கேன் அதைச் சொல்லாது.

ஒரே அறுவை சிகிச்சை, ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம். திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் நடக்கும் இருசக்கர வாகன விபத்துகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழே விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டு, கைக்குப் போகும் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிடுவது உண்டு. கை செயலற்றுத் தொங்கும். கிள்ளினால் தெரியாது. ஆனால் அந்தக் கைதான் இரவெல்லாம் எரியும். அப்படிப் பிய்ந்த இடத்தில் தண்டுவடத்தின் நுழைவாயிலையே சுட்டு அடக்கும் அறுவையை 1970-களில் பிரான்சில் சிந்தூவும் அமெரிக்காவில் நாஷோல்டும் வளர்த்தெடுத்தார்கள். வேர் பிய்ந்த வலிக்கு அது நல்ல பலன் தந்தது. அக்கிக்குப் பின் தங்கிவிடும் எரிச்சலுக்கும் செய்து பார்த்தார்கள். அந்த அளவு பலிக்கவில்லை. இரண்டுமே "எரியுது" என்றுதான் சொல்லப்படுகின்றன. உள்ளே நடந்த சேதம் வேறு.

அக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வோம். அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் வரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் கொப்புளமும் ஆரம்ப வலியும் சீக்கிரம் அடங்கும். வயதானவர், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர், கொப்புளம் நிறையக் கிளம்பியவர் ஆகியோருக்குத்தான் வலி மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. தங்கிய பிறகு எந்த ஊசியாலும் அதை முழுதாக விரட்டுவது கடினம்.

இனி, நம்மில் பலரைப் பிடித்திருக்கும் டிஸ்க் வலிக்கு வருகிறேன். மணிலாக் கொட்டை பறிக்கக் குனிந்தவர், மூட்டை தூக்கியவர், நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர், எல்லோரும் கையில் ஒரு எம்ஆர்ஐ படத்தோடு வருகிறார்கள். "டிஸ்க் பிதுங்கியிருக்காம் சார், ஆபரேஷன் பண்ணிடலாமா?" வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதில் நூற்றுக்கு 30 பேருக்கும், எண்பது வயதில் நூற்றுக்கு 84 பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஆகவே படத்தில் தெரியும் டிஸ்க்கும் காலில் ஓடும் வலியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எந்த நரம்பு அழுந்துகிறதோ அந்த நரம்பின் வழியிலேயே வலி ஓட வேண்டும். பொருந்தினால் அறுவை பலிக்கும். பொருந்தாவிட்டால், படத்துக்கு வைத்தியம் செய்தவர்களாக ஆவோம்.

காலமும் கணக்கில் வரும். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால் வலியில் இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மறு பிரிவைப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 2007-இல் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள்: அவர்களுக்கு நான்கு வாரம், பொறுத்துப் பார்த்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம். ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 39 பேர் பின்னால் அறுவை செய்துகொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே தேறினார்கள். 2020-இல் கனடாவிலிருந்து இன்னொரு ஆய்வு. இதில் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை வலியில் கிடந்த 128 பேர். இவர்களில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆறாம் மாதத்தில் வலி மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குத் தெரிவது: முதல் சில வாரங்களில் அவசரப்பட வேண்டாம், நான்கு மாதம் தாண்டியும் அடங்காமல், படமும் வலியும் பொருந்தினால் தயங்க வேண்டாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கிடையில் மரத்தாலோ, கால் வலு குறைந்துகொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

"முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வழியில்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. சந்தேகப்படும் நரம்பின் பக்கத்தில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்போம். வலி போனால் அந்த நரம்புதான் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் ஊசி போட்டாலே, அது வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும், சிலருக்கு வலி குறையும். அதனால்தான் ஒரு முறைக்கு இரு முறையாக, சிறிது நேரமே நிற்கும் மருந்தை ஒரு நாளும் நெடுநேரம் நிற்கும் மருந்தை இன்னொரு நாளும் போட்டு, நிவாரணம் அதற்கேற்ப நீள்கிறதா என்று பார்ப்பது நல்லது. முதுகுக்குள் வைக்கும் மின்கருவிக்கும் ஒரு முன்னோட்டம் உண்டு. சில நாள் வெளியிலிருந்து இணைத்துப் பார்த்து, வலி பாதிக்குமேல் குறைந்தால்தான் நிரந்தரமாக உள்ளே வைப்பார்கள்.

இந்த மின்கருவியை 1967-இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் மெல்சாக், வால் என்ற இருவர், தண்டுவடத்தில் வலியை உள்ளே விடவும் தடுக்கவும் ஒரு கதவு இருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கதவை மின்சாரத்தால் மூடும் முயற்சிதான் இந்தக் கருவி. முதுகு அறுவைக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேரிடம், கனடாவில் பணியாற்றிய கிருஷ்ண குமார் தலைமையில் நடந்த ஆய்வு 2007-இல் வந்தது. ஆறு மாதத்தில், கருவி வைத்தவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கும் வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் கால் வலி பாதியாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் உங்களிடம் சொல்வது என் கடமை. கருவி வைத்தவர்களிலும் பாதிப்பேருக்கு அந்த அளவு குறையவில்லை. 2022-இல் நார்வேயில் 50 பேருக்குக் கருவி வைத்து, யாருக்கும் தெரியாமல் சில மாதம் மின்சாரத்தைக் கொடுத்தும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் நம்பியிருந்த அந்த முன்னோட்டத்தையும் பிரிட்டனில் 105 பேரிடம் சோதித்தார்கள். முன்னோட்டம் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். விலை உயர்ந்த கருவி. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று இதற்குப் பணம் கட்ட வரும் குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் மறைப்பது பாவம்.

அப்படியானால் எதை நம்புவது? டென்மார்க்கில் 2014-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு வழிகாட்டியது. அது அறுவை பற்றியது அல்ல, ஆக்ஸ்கார்பசெபின் மாத்திரை பற்றியது. நரம்பு வலிக்காரர்களின் தோலை நுணுக்கமாகத் தொட்டு, குத்தி, சூடு வைத்துப் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். உணர்வு கெடாமல் லேசாகத் தொட்டாலே துடிப்பவர்கள் ஒரு பக்கம், உணர்வு மங்கிப்போனவர்கள் ஒரு பக்கம். துடிப்பவர்களில் நான்கு பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. மங்கியவர்களில் பதின்மூன்று பேருக்குக் கொடுத்தால்தான் ஒருவருக்கு. ஒரே வலி, ஒரே மருந்து. தொட்டுப் பார்த்ததில் கிடைத்த செய்திதான் இருவரையும் பிரித்துக் காட்டியது.

தொட்டுப் பார்ப்பதைப் பற்றி நான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இளம் மருத்துவனாக இருந்தபோது ஒரு விவசாயி வந்தார். பாதத்தின் மேல்பக்கம் எரிச்சல், மரப்பு, கணுக்காலைத் தூக்க முடியவில்லை. ஸ்கேனில் இடுப்பு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லாம் பொருந்துகிறது என்று நினைத்து முதுகில் ஊசி போட்டேன். பலனில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறை வந்தபோது ஒரு மூத்த மருத்துவர் அவருடைய வேட்டியை முட்டிக்கு மேல் உயர்த்தி, முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் மேல் விரலை உருட்டினார். அங்கே நரம்பு சுண்டுவிரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது. ஆடுசதையில் வெளிறிய ஒரு தேமல். அதில் பஞ்சு பட்டாலும் தெரியவில்லை. தொழுநோய். அவருக்கு வேண்டியிருந்தது கூட்டு மருந்தும் ஸ்டீராய்டும். என் கை அவருடைய முட்டிக்குக் கீழே போகவே இல்லை.

தொழுநோய் நரம்பைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மண் நம்முடையது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், வேலூரில் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையைத் தொடங்கினார். வலி தெரியாததால்தான் அந்தக் கைகால்கள் சிதைகின்றன என்று உலகுக்கு உணர்த்தியவர் அவர். வீங்கிய நரம்பின் உறையைப் பிரித்து விடுவிக்கும் அறுவையும் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டது. ஸ்டீராய்டு மட்டும் போதுமா, அறுவையும் சேர வேண்டுமா என்று ஒழுங்காக ஒப்பிட்ட ஆய்வுகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று வேலூர் பக்கத்தில் இருக்கும் நம் கரிகிரியில் நடந்தது. இரண்டிலும் சேர்த்து 88 பேர். இரண்டு ஆண்டு கழித்து, அறுவையால் கூடுதல் பலன் கிடைத்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. சிலருக்குப் பலித்திருக்கலாம். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

ஆகவே என் வேண்டுகோள்கள். ஊசிக்கோ அறுவைக்கோ கையெழுத்துப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "எந்த நரம்பு, எதனால் கெட்டது? என்னைப் போல் பத்துப் பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குக் குறையும், எவ்வளவு குறையும், எத்தனை மாதம் நிற்கும்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பலிக்காவிட்டால் அடுத்து என்ன?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தூக்கம் போய்விட்டது, மனசு சோர்ந்துவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு இருப்பவருக்கு ஊசியின் பலன் குறைவதுண்டு. அதையும் சேர்த்துக் கவனித்தால் தேற வழி உண்டு. மனச்சோர்வு இருப்பதால் வலி பொய் என்று அர்த்தமில்லை. அரசுக்கும் ஒன்று சொல்வேன். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். ரத்த அழுத்தக் கருவியோடு, நான் முன்பு சொன்ன பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளையும், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழையையும் அவர்கள் பையில் வையுங்கள். செலவு மிகக் குறைவு.

அந்த விவசாயியின் கதையை முடிக்காமல் விட்டேன். மருந்தில் எரிச்சல் அடங்கியது. கணுக்காலின் வலு முழுதாகத் திரும்பவில்லை. கடைசியாக வந்தபோது, "எப்போலேர்ந்து இப்படி?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஒரு வருஷமாவே வரப்புல நடக்கும்போது செருப்பு கழண்டு விழும் சார். விழுந்ததே தெரியாது. பத்தடி போனப்புறம் திரும்பிப் பாத்தாதான் கெடக்கும்" என்றார்.

"இதை ஏன் ஐயா அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க படத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், ரொம்ப நாளாக வலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். எங்கே, எப்படி, எப்போது என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். நான் முதலில் அதைப் படிக்கிறேன்; படத்தை அப்புறம் பார்க்கிறேன்.